சுத்திகரிக்கப்பட்ட கோதுமை

அச்சகத்தில் முதலாளியிலிருந்து காகிதம் வெட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் புள்ளியக்காதான். மெஷினுக்குப் போகிற எந்தத் தமிழ் எழுத்தும் அவள் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். விட்டுப்போன புள்ளி, ஒடிந்துபோன கொம்பு, கூப்பிடாத இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் துணைக்கால் எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் ஒரு கை பார்ப்பது அவள் வேலை. இருபது வருடமாகப் பார்க்கிறாள். இதுவரை அவள் கண்ணில் யாரும் மண்ணைத் தூவியதில்லை. அப்படித்தான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு தடவை ஒரு பல் டாக்டரின் பெயர்ப்பலகை வந்தது. ‘பல் மருத்துவர்’ என்பதில் புள்ளி விழுந்துபோய் ‘பல மருத்துவர்’ என்று அச்சேற இருந்தது. “இப்படியே விட்டா கண் வலிக்காரன், கால் வலிக்காரன் எல்லாம் அங்க போய் வரிசையில நிப்பான்” என்று சொல்லிக்கொண்டே புள்ளியை வைத்தாள். அன்றிலிருந்து அந்தப் பல் டாக்டர் அவளைக் கண்டால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் அவள் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, “புள்ளி இல்லாட்டி அது மெய்யே இல்ல, தெரிஞ்சுக்கோங்க” என்று முடிப்பாள். கேட்கிறவர்கள் தலையாட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் கதை மறுபடி தொடங்கும்.

வீட்டிலும் அவள் ராஜ்ஜியம்தான். அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். இருபத்தாறு வருடமாக ஒரே நிறுவனத்தில் ஓட்டுகிறார். மனைவி சொன்னால் சரி, சிக்னல் சொன்னால் சரி என்று போகிற மனிதர். அவருக்குப் பிடிவாதம் ஒன்றே ஒன்றுதான் உண்டு, ஸ்டியரிங். லீவு நாளில்கூடச் சாப்பாட்டுத் தட்டை இரண்டு கையாலும் பிடித்து லேசாக ஒரு திருப்புத் திருப்பி வைத்துவிட்டுத்தான் உட்காருவார்.

அந்த ஸ்டியரிங்குக்குத்தான் ஆபத்து வந்தது. நிறுவனத்தின் வருடாந்தரப் பரிசோதனையில் அவருடைய சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி எட்டரை என்று வந்தது. எட்டுக்குக் கீழே இருந்தால்தான் பஸ் ஓட்டலாம் என்பது அங்கே விதி. மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் இறங்காவிட்டால் அவர் டிக்கெட் கவுன்டருக்குள் போய் உட்கார வேண்டும், அப்படியே மூன்று மாதம் கழித்து இன்னொரு பரிசோதனை. அதிலும் தவறினால் கவுன்டர்தான் நிரந்தரம்.

“கூண்டுக்குள்ள உக்காந்து காசு வாங்கிப் போடறதுக்கா நான் பொறந்தேன்?” என்றார் டிரைவர்.

“நான் இருக்கும்போது உங்களுக்கு என்ன கவலை? மூணு மாசம் எங்கிட்ட விடுங்க” என்றாள் புள்ளியக்கா.

சொன்ன கையோடு காரியத்தில் இறங்கினாள். டீயிலிருந்து சர்க்கரை போனது. பிஸ்கட் டப்பா பக்கத்து வீட்டுக்குப் போனது. காலையிலும் இரவிலும் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த வெள்ளை பிரெட் இருந்த இடம் தெரியாமல் போனது. அதற்குப் பதிலாகப் பழுப்பு நிறத்தில், மேலே கதிர்ப் படம் போட்ட கோதுமை பிரெட் வந்தது. கடையில் எத்தனையோ வகை இருக்க, இதை அவள் எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. இந்த உறைக்குப் புரூஃப் பார்த்தவளே அவள்தான். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம்.

“சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, கேரமல் நிறமூட்டி” என்று கண்ணாடி போடாமலே ஒப்பித்தாள். “பாருங்க, முதல்லயே கோதுமை. அதுவும் சும்மா கோதுமை இல்ல, சுத்திகரிச்சது. உங்க வெள்ளை பிரெட் கவர்ல என்ன போட்டிருக்கும்? மைதா. அதையும் நான்தான் பார்த்தேன். இந்த ‘நிறமூட்டி’கூட ‘நிறமுட்டி’ன்னுதான் வந்தது, நான்தான் நீட்டிவிட்டேன்.”

டிரைவர் ஒரு துண்டை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தார். அமுங்கி, மறுபடி மெல்ல எழுந்தது. “உடம்புக்கு நல்லதுன்னா அட்டை மாதிரி இருக்கும்னு நெனச்சேன். இது என்னடான்னா பழைய பிரெட் மாதிரியே பஞ்சா இருக்கு?”

“நல்ல மெஷின்ல போட்டிருப்பாங்க. கேள்வி கேக்காம சாப்பிடுங்க.”

முன்பெல்லாம் வெள்ளை பிரெட்டில் வேளைக்கு இரண்டு துண்டுதான் தருவாள், மூன்றாவதுக்குக் கை நீட்டினால் முறைப்பாள். இப்போது தட்டில் நான்கு விழுந்தது. நல்லதை அளந்து போடுவானேன் என்பது அவள் கட்சி.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம். நான்காவது கட்டம் ‘வெளியே சாப்பிட்டது’. அதை டிரைவரே தினமும் தன் கையால் நிரப்ப வேண்டும். முதல் நாள் அவர் ‘ஒண்ணும் இல்ல’ என்று எழுதினார். அவள் அதைச் சிவப்பில் அடித்து ‘ஒன்றும் இல்லை’ என்று திருத்தினாள். ஒரு வாரம் அவர் எழுதுவதும் இவள் திருத்துவதுமாகப் போனது. எட்டாம் நாள் அவரே பிழையில்லாமல் எழுதினார். பஸ் நிலையத்தில் சக டிரைவர்கள் பலகாரமும் பிஸ்கட்டுமாக டீ குடிக்கையில், இவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே வேடிக்கை பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதினார். மூன்று மாதத்தில் ஒருநாள்கூடத் தவறவில்லை.

பரிசோதனை முடிவு வந்தது. எட்டு புள்ளி ஒன்பது.

புள்ளியக்கா அந்தத் தாளை மேலே கீழே திருப்பிப் பார்த்தாள். எட்டரை இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. அவள் போட்ட கணக்கில் பிழை இருக்க வழியே இல்லை. அப்படியானால் பிழை வேறெங்கோ இருக்கிறது. அவள் மூளை நேராக நான்காவது கட்டத்துக்குப் போனது.

“எங்க சாப்பிட்டீங்க?”

“எங்கயும் இல்லம்மா.”

“மறைக்காதீங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஸ்வீட் கடை இருக்கு.”

“இருக்கு. நான் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்ல.”

“அப்ப இது எப்படி ஏறுச்சு? காத்துல வந்துச்சா? பொய் சொல்லாதீங்க.”

டிரைவர் அவளையே பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து எதற்கெல்லாமோ சண்டை போட்டிருக்கிறார்கள், அவரைச் சோம்பேறி என்றிருக்கிறாள், செவிடு என்றிருக்கிறாள். பொய்யன் என்று சொன்னதில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, ஃபிரிட்ஜ் தாளில் நான்காவது கட்டத்தின் மேல், மூன்று மாத ‘ஒன்றும் இல்லை’களுக்கும் குறுக்கே, பெரிய எழுத்தில் ‘பொய்’ என்று எழுதினாள். புள்ளியை அழுத்தி வைத்தாள்.

மறுநாளிலிருந்து அவர் கவுன்டருக்குப் போனார். போகுமுன் அந்த எழுத்தைப் பார்த்தார். சாயங்காலம் திரும்பி வந்து, அந்தச் சிவப்பு எழுத்துக்குக் கீழே மிச்சமிருந்த கட்டத்தில் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதினார். ஒற்றெல்லாம் சரியாக இருந்தது. அவளுக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

நான்கு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள், டாக்டர் முன்னால் நிறுத்தினால் உண்மை வந்துவிடும் என்று அவரை இழுத்துக்கொண்டு போனாள். பையில் சாட்சிக்கு அந்த பிரெட் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டாள். நிறுவனத்தின் டாக்டர் வயதில் சின்னவர், ஆனால் பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

“டாக்டர், இவர் எதையோ மறைக்கிறார். எங்கிட்ட சொல்ல மாட்டேங்கறார், உங்ககிட்டயாவது சொல்லட்டும்.”

“டிரைவர் சார், ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடறீங்க?”

அவர் கைகட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். பிரெட் என்றதும் புள்ளியக்கா பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். “கோதுமை பிரெட் டாக்டர். வெள்ளையை வீட்டுக்குள்ளயே விடறதில்ல. நானே படிக்கிறேன் கேளுங்க. சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு, தண்ணீர்...”

“நில்லுங்கம்மா. முதல் வார்த்தையை மறுபடி சொல்லுங்க.”

“சுத்திகரிக்கப்பட்ட.”

“எதை எடுத்துச் சுத்தம் பண்ணாங்க?”

இது என்ன கேள்வி என்று பார்த்தாள் புள்ளியக்கா. “கல்லு, மண்ணு, தூசி.”

“இல்லம்மா. தவிட்டை எடுத்தாங்க. முளையை எடுத்தாங்க. கோதுமையில எதெல்லாம் இவருக்கு வேணுமோ அதையெல்லாம் எடுத்துட்டாங்க. மிச்சம் இருக்கிற வெறும் மாவுக்குப் பேருதான் சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு. நாம கடையில மைதான்னு கேட்டு வாங்கறோமே, அதேதான்.”

புள்ளியக்கா பொட்டலத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“ஆனா இது பழுப்பா இருக்கே டாக்டர்?” குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

“அதுக்குத்தான் கேரமல் நிறமூட்டி.”

அந்த ‘மூ’வை நீட்டியவளே அவள்தான். காது சுட்டது.

டாக்டர் விடவில்லை. “வேளைக்கு எத்தனை துண்டு?”

“நாலு” என்றார் டிரைவர், தயங்கி.

“வெள்ளை பிரெட் சாப்பிட்டப்போ?”

“ரெண்டு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அம்மா, நல்லாக் கேட்டுக்கோங்க. முழுக் கோதுமை பிரெட் நல்லதுதான், அதுல சந்தேகமே இல்ல. தவிடு இருக்கிறதால நார் இருக்கும், சர்க்கரை நிதானமா ஏறும், வயிறும் சீக்கிரம் நிறையும். ஆனா அது முழுக் கோதுமையா இருக்கணும். நிறத்தைப் பாக்காதீங்க, ‘முழு’ங்கற சொல் முதல்ல இருக்கான்னு பாருங்க. அப்புறம், முழுசாவே இருந்தாலும் அது பிரெட்தான், மருந்து இல்ல. ரெண்டுன்னா ரெண்டு. இவரு எதையும் மறைக்கல. நீங்க ரெண்டு மடங்கு மைதா போட்டிருக்கீங்க, அவ்வளவுதான்.”

“அவங்களைத் திட்டாதீங்க டாக்டர்” என்றார் டிரைவர். “அவங்க எழுத்தைத்தான் பார்ப்பாங்க. பிரெட்காரன் என்ன நெனச்சு எழுதினான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் குத்திக்காட்டவில்லை, மெய்யாகவே அவளுக்காகப் பரிந்துதான் பேசினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவரின் வலது கால் தானாக அழுந்தி, இல்லாத பிரேக்கை மிதித்தது. அவள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு பெயரும் அவள் மேசைக்கு ஒரே வாரத்தில் வந்தவை. ஒன்றில் மைதா, இன்னொன்றில் சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு. சுத்தம் என்ற சொல்லைப் பார்த்ததும் மனம் அதைக் குளிப்பாட்டித் துடைத்து வைத்த கோதுமையாக எடுத்துக்கொண்டுவிட்டது. இருபது வருடம் புள்ளியைத் துரத்தியவள் ஒரு முழுச் சொல்லிடம் ஏமாந்துபோனாள்.

“நான் உங்களைப் பொய் சொல்றீங்கன்னு சொன்னது தப்பு” என்றாள். “பெரிய தப்பு.”

“சரி விடு.”

“விட முடியலைங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் கலங்கியதை மறைக்கத்தான் என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஃபிரிட்ஜ் தாளைக் கிழிக்கக் கையை வைத்தாள். டிரைவர் தடுத்தார்.

“கிழிக்காதே. அதுல என் மூணு மாச எழுத்து இருக்கு.”

“அப்ப அந்தப் ‘பொய்’யையாவது அடிச்சுடறேன்.”

“இப்ப டாக்டர் சொன்னதால அடிக்கப் போறே. உனக்கா எப்பத் தோணுதோ அப்ப அடி.”

அவள் கை தானாகக் கீழே இறங்கியது. அவர் கோபத்தில் சொல்லவில்லை, நிதானமாகத்தான் சொன்னார். அதனால்தான் அந்தச் சொல் அவளை விட்டுப் போகவில்லை. பால் எடுக்கப் போனாலும் தண்ணீர் எடுக்கப் போனாலும் அவள் கையெழுத்தே அவளைப் பார்த்து ‘பொய்’ என்றது. யாரைச் சொல்கிறது என்பதில் அவளுக்கு இப்போது சந்தேகம் இல்லை.

மறுநாள் நான்கு கடை ஏறி இறங்கி, முதல் சொல்லே ‘முழுக் கோதுமை மாவு’ என்றிருந்த பிரெட்டைப் பிடித்தாள். நிறமூட்டி கிடையாது. தவிடு கண்ணுக்கே தெரிந்தது. டிரைவர் வழக்கம்போல் விரலால் அமுக்கிப் பார்த்தார். அசைந்துகொடுக்கவில்லை.

“இதாம்மா நான் சொன்ன அட்டை” என்றார், ஒரு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டு. தட்டில் இரண்டு துண்டு இருந்தது. இரண்டே போதுமாகவும் இருந்தது.

அடுத்த மாதம் அந்தப் பழுப்பு பிரெட்டின் உறை மறு அச்சுக்கு வந்தது. ஒரு எழுத்து மாற்றமில்லை, கையெழுத்துப் போட்டால் போதும் என்றார் அச்சக முதலாளி. புள்ளியக்கா கையெழுத்துப் போடவில்லை. ‘சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு’ என்பதைச் சிவப்பில் அடித்து, ஓரத்தில் ‘மைதா’ என்று எழுதி அனுப்பினாள். அன்று மத்தியானமே பிரெட்காரர் நேரில் வந்துவிட்டார்.

“இதுல எழுத்துப்பிழை எங்கம்மா இருக்கு?”

“எழுத்துப்பிழை இல்ல.”

“சட்டப்படி இந்த வார்த்தை போடலாம், தெரியுமா?”

“தெரியும். ஆனா இதப் பாருங்க.” அவள் அவருடைய வெள்ளை பிரெட் உறையைப் பக்கத்தில் வைத்தாள். “இதுவும் உங்க கம்பெனிதான். இதுல மைதா. அதுல சுத்திகரிக்கப்பட்ட கோதுமை. மாவு ரெண்டு மூட்டையா, ஒரே மூட்டையா?”

பிரெட்காரர் இரண்டு உறைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒரு புத்தகத்துல ஒரே பொருளுக்கு முதல் பக்கத்துல ஒரு பேரு, கடைசிப் பக்கத்துல ஒரு பேரு வந்தா நாங்க விட மாட்டோம். ஒரே மாதிரி ஆக்கணும். புரூஃப் பாக்கறதுல அரிச்சுவடியே அதுதான். ரெண்டுலயும் மைதான்னு போடுங்க, இல்ல ரெண்டுலயும் சுத்திகரிக்கப்பட்டதுன்னு போடுங்க.”

“மைதான்னு போட்டா இதை எவன் வாங்குவான்?”

“அப்ப முழுக் கோதுமையிலயே போடுங்க. ‘முழு’ங்கற சொல்லை எவ்வளவு பெரிசா வேணுமோ அவ்வளவு பெரிசா நானே வெச்சுத் தர்றேன்.”

பிரெட்காரர் உறையைச் சுருட்டிக்கொண்டு வேறு அச்சகத்துக்குப் போனார். முதலாளி இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் வாரம் அவரே ஒரு புதுப் பொட்டலத்தோடு அவள் மேசைக்கு வந்து வாய் கொள்ளாமல் சிரித்தார். அந்தப் பழுப்பு பிரெட்டின் புது உறையில் ‘கேரமல் நிறமுட்டி’ என்று இருந்தது. புள்ளியக்கா சிரிக்கவில்லை. அதற்கு மேலே பிழையில்லாமல் இருந்த ‘சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு’ என்பதைத்தான் வெகுநேரம் பார்த்தாள்.

டிரைவர் கவுன்டருக்குப் போய் மூன்று மாதம் கழித்து, அடுத்த பரிசோதனையின் முடிவு வரவேண்டிய நாள் வந்தது. சாயங்காலம் வேலை முடிந்ததும் டாக்டரிடம் போய் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு டிரைவர் கிளம்பினார். அவர் போன பிறகு புள்ளியக்கா சமையலறையில் தனியாக நின்றாள். எண் என்னவாக வரும் என்று யோசித்துப் பார்த்தாள். இறங்கியிருக்கலாம், ஏறியும் இருக்கலாம். ஏறியிருந்தால் என்ன செய்வாள்? மறுபடி எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்பாளா? மாட்டாள். அது அவளுக்கு அப்போதுதான், அந்த நொடியில்தான், தெளிவாகத் தெரிந்தது. அந்த மனிதர் சாப்பிடவில்லை என்றால் சாப்பிடவில்லை, அதற்கு டாக்டரும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். இது தெரிய இத்தனை நாளா என்று தன்மேலேயே கோபம் வந்து, அழுகையும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே பேனாவை எடுத்து, எழுத வேண்டியதை எழுதிவிட்டு வேலைக்கு ஓடினாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது டிரைவர் முந்தி வந்திருந்தார். கையில் மடித்த தாளோடு ஃபிரிட்ஜ் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ‘பொய்’ என்ற சொல்லின் மேல் ஒரு கோடு விழுந்திருந்தது. ஓரத்தில், ஆறு மாதத்து ‘ஒன்றும் இல்லை’களுக்கும் பக்கத்தில், ஒரு புதுச் சொல் இருந்தது.

“நம்பர் நான் இன்னும் சொல்லவே இல்லையே?”

“நீங்கதான் தினமும் சொன்னீங்களே. எனக்குத்தான் படிக்கத் தெரியல.”

டிரைவர் தாளுக்கு இன்னும் பக்கத்தில் குனிந்து கண்ணைச் சுருக்கினார். “ஏம்மா, இது என்ன? ‘மெய’ன்னு இருக்கு?”

அவள் பதறிப்போய் எட்டிப் பார்த்தாள். புள்ளி இல்லை. இருபது வருடத்தில் அவள் கையால் விட்டுப்போன முதல் புள்ளி. பேனாவுக்குக் கை நீட்டினாள்.

“நீ இரு” என்று சொல்லி டிரைவர் அந்தச் சிவப்புப் பேனாவை எடுத்தார். பஸ்ஸைச் சந்துக்குள் திருப்புகிற கவனத்தோடு, யகரத்தின் தலையில் சரியாக ஒரு புள்ளி வைத்தார். அப்புறம்தான் கையிலிருந்த தாளை அவளிடம் கொடுத்தார்.

ஏழு புள்ளி மூன்று என்று இருந்தது. திங்கட்கிழமை காலையிலிருந்து அவருக்கு வண்டி.